சத்தம் போடும் தாடை

பதின்மூன்று, பதினான்கு வயதில் பல பிள்ளைகளின் தாடை சத்தம் போட ஆரம்பிக்கிறது. கொட்டாவி விடும்போதோ, வேகவைத்த சோளக்கதிரைக் கடிக்க வாயை அகலத் திறக்கும்போதோ, காதுக்குச் சற்று முன்னால் ‘டக்’கென்று ஒரு சொடுக்கு. வாயை மூடும்போது அதைவிட மெல்லியதாக இன்னொன்று. சில சமயம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். பெரும்பாலும் வலி இருக்காது. ஆனாலும் வீட்டில் கவலை வந்துவிடுகிறது: எலும்பு தேய்கிறதா, தாடை கழன்றுவிடுமா, ஒரு நாள் வாயே திறக்க முடியாமல் போய்விடுமா? மூட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு தட்டு தன் இடத்தைவிட்டு முன்னால் நழுவியிருக்கிறது என்று மருத்துவர் விளக்கும்போது அந்தக் கவலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நழுவியதைத் திரும்ப அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவ உலகமும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அப்படித்தான் நினைத்து வந்தது. இந்த அத்தியாயம் அந்த நினைப்பை மறுக்கிறது. வளரும் வயதில் தட்டு எங்கே இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். வாய் எவ்வளவு திறக்கிறது, வலிக்கிறதா, பிள்ளையால் சாப்பிட முடிகிறதா என்று கேட்பதே முதல் வேலை.

இந்த வாதத்தை மலேசியாவின் கேமரன் மலையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்துவைத்த பகாங் மேட்டுநிலம் அது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் மலைப்பாதை 1931வாக்கில் முடிந்தது. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி வைத்ததில் தென்னிந்தியாவிலிருந்து போன தமிழர்களின் உழைப்பு பெரும் பங்கு. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன, தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. சுங்கை பாலாஸ் தோட்டத்தில் வசிக்கும், இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பெண்ணுக்குத் தாடை சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக் குறுகிய சாலையில் பிரிஞ்சாங்குக்கு இறங்கி, அங்கிருந்து தானா ராத்தாவுக்குப் போனால் சுல்தானா ஹாஜா கல்சோம் அரசு மருத்துவமனை. அதற்கு மேல் வாய், முக அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் மலையைவிட்டு இறங்கி ஈப்போவுக்குப் போக வேண்டும். சொந்த மாநிலத்தின் தலைநகரான குவாந்தான் தீபகற்பத்தின் மறுகரையில் இருக்கிறது. ஒரு பரிசோதனைக்கு ஒரு பள்ளி நாள் போகும். கூடப் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு நாள் கூலி போகும். ஸ்கேன் நிலையம் அடுத்த தெருவில் இருக்கும் நகரத்தில், எதற்கும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்வது எளிது. மலையில் அப்படிச் சொல்வதற்கு முன்னால், அந்தப் படம் சிகிச்சையை எந்த வகையில் மாற்றப்போகிறது என்று யோசித்தாக வேண்டும்.

முதலில் மூட்டின் அமைப்பு. கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரண்டு முனைகளும் காதுகளுக்கு முன்னால், பொட்டெலும்பில் உள்ள இரண்டு குழிகளில் பொருந்தியிருக்கின்றன. ஆகவே ஒரு பக்கம் அசைந்தால் மறுபக்கமும் அசைந்தே தீர வேண்டும். வாய் திறப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் 20, 25 மில்லிமீட்டர்வரை தாடையின் குமிழ் போன்ற தலை குழிக்குள்ளேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க, அந்தக் குமிழ் குழியைவிட்டு முன்னும் கீழுமாகச் சரிந்து, எதிரே உள்ள எலும்பு மேட்டின் அடிவரை வர வேண்டும். காதுத்துளையை மறைத்து நிற்கும் சிறு குருத்துக்குச் சற்று முன்னே சுட்டுவிரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பாதி திறந்த பிறகு விரலுக்கடியில் எலும்பு முன்னே வழுக்கிப் போவதும், அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுவதும் தெளிவாகத் தெரியும். முழங்காலோ முழங்கையோ இப்படித் தன் குழியைவிட்டு வெளியே வந்து வேலை செய்வதில்லை. பேசும்போதும் தின்னும்போதும் விழுங்கும்போதும் நாளெல்லாம் இந்த மூட்டு அசைந்துகொண்டே இருக்கிறது.

குமிழுக்கும் குழிக்கும் இடையில் இருப்பதுதான் தட்டு. நார்க் குருத்தெலும்பால் ஆனது. நடுவில் மெலிந்தும் விளிம்புகளில் தடித்தும் இருக்கும். நடுப்பகுதியில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த இடம் அது. தட்டுக்குப் பின்னால் ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மிருதுவான திசு. முன்னால், தாடையை முன்னே இழுக்கும் தசையின் சில இழைகள். தட்டைக் குமிழோடு இரு பக்கமும் கட்டிவைத்திருக்கும் தசைநார்கள் தளர்ந்தால், தலையில் போட்ட தொப்பி நெற்றிக்கு இறங்குவதுபோல் தட்டு முன்னால் இறங்கிவிடுகிறது. வாய் திறக்கும்போது முன்னே வரும் குமிழ், தட்டின் தடித்த பின்விளிம்பைத் தாண்டி அதன் மெலிந்த நடுப்பகுதியில் போய்ச் சேரும் கணத்தில்தான் அந்த ‘டக்’ எழுகிறது. மூடும்போது தட்டு மறுபடியும் முன்னால் நழுவுகிறது. அது இரண்டாவது சொடுக்கு. ஆக, சத்தம் கேட்கிறதென்றால் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் தட்டு தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிலருக்கு அது திரும்புவதில்லை. குமிழின் முன்னால் மடங்கி நின்று வழியை மறித்துக்கொள்கிறது. அப்போது சத்தம் நின்றுவிடும். கூடவே வாயும் 25, 30 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பூட்டிய தாடை என்பது இதுதான். இந்த முரணைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: சத்தம் போட்டுக்கொண்டிருந்த தாடை திடீரென்று அமைதியாகி, அதே நாளில் வாயும் பாதிதான் திறந்தால், அது குணமான அறிகுறி அல்ல.

தட்டின் மேல் பழி விழுந்தது வெகு காலத்துக்கு முன்பு. 1887இல் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் என்ற அறுவை மருத்துவர், நழுவிய தட்டைப் பிடித்து இழுத்துத் தையல் போட்டதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பதினொரு நோயாளிகளை வைத்து வேறொரு கதை சொன்னார்: பல் போனதால் தாடை பின்னால் தள்ளப்படுகிறது, அது காதருகே நரம்புகளை நெருக்குகிறது. உடற்கூறு வல்லுநர்கள் அதைப் பின்னர் தவறென்று காட்டினார்கள். ஆனால் பல்வரிசையைச் சரிசெய்தால் தாடை மூட்டும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது. அந்த நம்பிக்கையில் நல்ல பற்களை ராவித் தேய்த்த காலமும் இருந்தது. 1970களில் மூட்டுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையும், 1980களில் எம்.ஆர்.ஐ.யும் பரவியபோது, உயிரோடு இருக்கும் மனிதரின் தட்டு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நழுவிய தட்டு படத்தில் தெரிந்ததும், வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டினார்கள். தட்டை இழுத்துத் தைத்தார்கள். முடியாதபோது எடுத்தே விட்டார்கள். எடுத்த இடத்தில் விட்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் தயாரித்த புரோபிளாஸ்ட்–டெஃப்லான் செயற்கைத் தட்டுகளை வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் அவை துகள்துகளாக உதிர்ந்தன. அந்தத் துகள்களை எதிர்த்துப் போராடிய உடலின் செல்கள் சுற்றியிருந்த எலும்பையும் சேர்த்து அரித்தன. சிலருக்குக் கபாலத்தின் அடித்தளத்திலேயே ஓட்டை விழுந்தது. 1990 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தொடர்ந்து அவை திரும்பப் பெறப்பட்டன. இடம் மாறிய ஒரு தட்டைச் சரிசெய்யப் போய், வாழ்நாள் முழுவதும் வலியோடு இருக்க நேர்ந்தவர்கள் உண்டு. இந்த மூட்டில் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை அந்த நோயாளிகள் தங்கள் உடம்பால் அறிந்துகொண்டார்கள்.

தட்டு நழுவுவதே நோய் என்றால், நோயில்லாதவர்களிடம் அது நழுவியிருக்கக் கூடாது. 1996இல் ரிச்சர்ட் கட்ஸ்பெர்க் குழுவினர், தாடையில் எந்தத் தொந்தரவும் இல்லாத 76 தன்னார்வலர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 33 சதவீதத்தினருக்குத் தட்டு நழுவியிருந்தது. வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கே வந்தது. 6 முதல் 25 வயதுவரை உள்ளவர்களை மட்டும் பார்த்த ஓர் ஆய்விலும், தொந்தரவே இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்படித்தான் இருந்தது. இதற்கு நேர்மாறாக, இரண்டு மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள்வரை 30 பேரின் மூட்டுகளைப் பார்த்தபோது ஒன்றில்கூடத் தட்டு நழுவியிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பிறவியிலேயே வருவதல்ல இது என்பது தெரிகிறது. தாடை வேகமாக வளரும் பள்ளிப் பருவத்தில், ஆரோக்கியமான பிள்ளைகள் பலரின் மூட்டில் அரவமில்லாமல் நடந்துவிடும் மாற்றம் இது. அதை நோய் என்று பெயரிட்டால், மூன்றில் ஒரு பங்கு இளைஞர்களை நோயாளி ஆக்க வேண்டியிருக்கும்.

கட்ஸ்பெர்க்கின் அதே ஆய்வில் வலியோடு வந்த 102 நோயாளிகளில் 77 சதவீதத்தினருக்குத் தட்டு நழுவியிருந்ததே, தொடர்பு இல்லை என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடர்பு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொடர்பு இருப்பதும் காரணமாக இருப்பதும் ஒன்றல்ல. தட்டு நழுவிய பலரில் சிலருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்குத் தட்டின் இடம் பதில் தருவதில்லை. மூட்டின் உறையில் அழற்சி, மெல்லும் தசைகளின் இறுக்கம், பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம், தூக்கக் குறைவு, மனக் கவலை, பருவ மாற்றம் என்று பலவும் அங்கே வேலை செய்கின்றன. பூப்புக்குப் பிறகு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்த வலி அதிகமாக இருப்பதும் அந்தப் பக்கத்தையே சுட்டுகிறது. தட்டை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம்.

இன்று வலிக்காவிட்டாலும் நாளை பூட்டிக்கொள்ளாதா என்பதுதான் பெற்றோரின் உண்மையான பயம். பின்லாந்தில் 128 பேரை 14, 15, 18, 23 ஆகிய வயதுகளில் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, 1996இல் ‘லான்செட்’டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். பதினான்கு வயதில் 11 சதவீதத்தினருக்கு இருந்த சொடுக்கு, இருபத்துமூன்று வயதில் 34 சதவீதத்தினருக்கு இருந்தது. ஆனால் ஒருவருக்குக்கூடத் தாடை பூட்டிக்கொள்ளவில்லை. சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. எல்லாப் பரிசோதனையிலும் விடாமல் சொடுக்கு இருந்தவர்கள் மிகச் சிலரே. ஸ்வீடனில் 7, 11, 15 வயதுப் பிள்ளைகள் 402 பேரைப் பதிவுசெய்து இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது: சிறு அறிகுறிகள் ஏறும், இறங்கும், கடுமையான வலிக்கும் முடக்கத்துக்கும் போவது அரிது. 128 பேரில் யாருக்கும் பூட்டவில்லை என்பதால் உலகில் யாருக்குமே பூட்டாது என்று ஆகிவிடாது. பூட்டிய தாடையோடு வரும் பதின்ம வயதினர் இருக்கத்தான் செய்கிறார்கள். சொடுக்கைக் கண்டதும் பூட்டு வரும் என்று நாள் குறிக்க முடியாது என்பதே இந்த ஆய்வுகள் தரும் பாடம்.

மூட்டு எப்படிச் சமாளிக்கிறது என்பதற்குத் திசு ஆய்வில் பதில் உண்டு. தட்டு முன்னால் போனபின், அதற்குப் பின்னாலிருந்த மிருதுவான திசுமேல் குமிழின் அழுத்தம் விழுகிறது. நரம்பு நிறைந்த திசு என்பதால் முதலில் வலிக்கலாம். ஆனால் நாளடைவில் அதில் நார் அடர்ந்து, ரத்தக்குழாய்கள் குறைந்து, கிட்டத்தட்ட இன்னொரு தட்டைப்போல் அது இறுகுகிறது. 1980களில் ஸ்காபினோ என்ற ஆய்வாளர் இதை நுண்ணோக்கியில் காட்டினார். குமிழும் சும்மா இருப்பதில்லை. மற்ற மூட்டுகளில் உள்ள வழவழப்பான குருத்தெலும்புக்குப் பதிலாக இதன்மேல் நார்க் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வரும் அழுத்தத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதில் அது கெட்டி. குமிழின் வெளிப்புற எலும்புப் படலம் முழுமையடைவதற்குள் இருபது வயது தாண்டிவிடுகிறது. அதுவரை அது வளர்ந்துகொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. பதின்ம வயது இந்த மூட்டுக்கு ஆபத்தான வயது என்று பேசுபவர்கள், பழுதைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு அதிகம் இருக்கும் வயதும் அதுவே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கனமான மறுப்பு வளர்ச்சி பற்றியது. குமிழில் வளர்ச்சி நடக்கிறதென்றால், அதன்மேல் இருக்க வேண்டிய தட்டு நழுவினால் தாடையின் வளர்ச்சி குன்றாதா? ஸ்வீடனின் உமியோவில் லெக்ரெல், இஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் வளரும் முயல்களில் ஒரு பக்கத் தட்டை மட்டும் அறுவை செய்து நகர்த்தினார்கள். அந்தப் பக்கத் தாடை குட்டையாகி முகம் கோணியது. தட்டு நழுவிய பதின்ம வயதினரின் தாடை சராசரியில் சற்றுச் சிறிதாக இருப்பதாக மனிதர்களில் செய்த ஆய்வுகளும் கூறுகின்றன. ஷாங்காயில் உள்ள அறுவை நிபுணர்கள் பதின்ம வயதிலேயே தட்டை இழுத்துப் பொருத்தி, அதன்பின் குமிழ் உயரம் கூடியதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் முயலுக்கு நடந்தது கத்தியால் ஒரே நாளில் நடந்த நகர்வு. மனிதப் பிள்ளைக்கு மாதங்களாக, ஆண்டுகளாக நடப்பதோடு அதைச் சமமாக வைக்க முடியாது. சிறிய தாடையும் நழுவிய தட்டும் ஒன்றாகக் காணப்படும்போது எது முந்தியது என்பதும் தெளிவில்லை. இயல்பிலேயே குமிழ் சிறுத்து, மோவாய் பின்வாங்கிய முகத்தில் தட்டு எளிதாக நழுவவும் வாய்ப்பிருக்கிறது. இன்னொன்று, தொந்தரவில்லாத இளைஞர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தட்டு நழுவியிருக்கிறது; ஆனால் மூன்றில் ஒரு பங்கினரின் முகம் கோணியிருக்கக் காணோம். ஆகவே இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். தட்டு திரும்பாமல் பூட்டிய நிலையில் இருக்கும் வளரும் பிள்ளைக்கு, மோவாய் ஒரு பக்கம் நகர்கிறதா, முன்பற்கள் சேராமல் இடைவெளி விழுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அப்படி நகர்ந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஈப்போ பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ‘டக்’கென்ற சத்தத்தை மட்டும் வைத்து ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் மூட்டைத் திறக்க இந்த ஆதாரங்கள் போதாது.

ஸ்கேன் இல்லாமல் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது? 2014இல் வெளியான, உலகம் முழுவதும் இன்று பயன்படும் தாடை மூட்டு நோயறி முறை இதற்கு எண்களில் பதில் தருகிறது. சத்தத்தோடு திரும்பும் தட்டைக் கையாலும் காதாலும் மட்டும் சோதித்தால், எம்.ஆர்.ஐ. காட்டும் நூறு பேரில் 34 பேரைத்தான் கண்டுபிடிக்க முடியும். மிக மோசமான கணக்கு. ஆனால் வாய் திறப்பு குறைந்த, பூட்டிய தாடையை அதே எளிய சோதனை நூற்றுக்கு 80 பேரிடம் கண்டுபிடிக்கிறது. பூட்டு இல்லாதவர்களில் நூற்றுக்கு 97 பேரை இல்லையென்று சரியாகச் சொல்கிறது. கையால் தவறவிடுவது பெரும்பாலும் தீங்கில்லாத வகை. கவனிக்க வேண்டிய வகையை ஒரு ஸ்கேல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனிவரை, வாயை முடிந்த அளவு திறக்கச் சொல்லி மில்லிமீட்டரில் அளக்க வேண்டும்; வாய் மூடியிருக்கும்போது மேற்பல் கீழ்ப்பல்லை எவ்வளவு மறைக்கிறதோ அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 40க்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் ஒதுங்கி அங்கேயே நின்றால், பூட்டு அந்தப் பக்கத்தில். அதே பிள்ளையால் தாடையை மறுபக்கத்துக்கு நகர்த்தவும் முடியாது. பள்ளிப் பையில் கிடக்கும் ஸ்கேலே இதற்குப் போதும்.

பணமில்லாதவர்களுக்குச் சிகிச்சையைக் குறைத்துவிட்டு, அதற்கு அறிவியல் முலாம் பூசும் பேச்சு இது என்று ஒருவர் சொன்னால் அவர்மேல் கோபப்பட மாட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் அப்படித்தான் நடந்தது. அவர்களுக்கு இது போதும் என்று வேறு யாரோ தீர்மானித்தார்கள். ஆனால் இந்த விஷயத்தில் கோலாலம்பூர் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் பதில் இதுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் பூட்டிய தாடையோடு வந்த 106 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தும் ஆலோசனையும். ஒன்றுக்குப் பற்களின்மேல் மாட்டும் காப்புத் தகடும் உடற்பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வுச் சிகிச்சை. ஒன்றுக்குக் குழாய் வழி அறுவை. ஒன்றுக்கு மூட்டைத் திறந்து அறுவை. ஐந்து ஆண்டு முடிவில் வலியிலும் வேலைத்திறனிலும் நான்கு குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2023இல் ‘பி.எம்.ஜே.’ இதழ் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட தாடை வலிக்கு முன்னிறுத்தியவை தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் தரும் சிகிச்சை, வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை போன்றவை. தட்டை எடுத்துவிடும் அறுவை வேண்டாம் என்றது. காப்புத் தகட்டைப் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை: ஸ்வீடனில் 12 முதல் 18 வயதுவரை உள்ள 122 பேரிடம் செய்த ஆய்வில், தளர்வுப் பயிற்சியையும் வெறும் ஆலோசனையையும்விட அது வலியை நன்றாகக் குறைத்தது. அதற்காகத் தட்டு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வலி குறைந்தது, அவ்வளவுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு ஸ்கேன் கிடைக்காததைவிட இயன்முறைச் சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை கிடைக்காததுதான் பெரிய இழப்பு. பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததும், தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்க ஆள் இல்லாததும் அப்படித்தான். போராட வேண்டுமென்றால் இவற்றுக்காகப் போராடலாம்.

மொழியைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம், இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி கேள்வி கேட்பது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தாடை மூட்டு நோயறி வினாப்பட்டியலை மலாய் மொழிக்குக் கொண்டுவந்து 2008இல் அதைப் பற்றி எழுதினார்கள். நாட்டுக்கு நல்ல காரியம். ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு வரும் பிள்ளை, வலியைப் பற்றி அன்னிய மொழியில் கேட்டால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடித்துக்கொள்ளும். காலையில் எழும்போது கன்னம் இறுகியிருக்கிறதா? எந்தப் பக்கத்தில் மெல்லுகிறாய்? வாய் எப்போதாவது மாட்டிக்கொண்டு, தாடையை ஆட்டி ஆட்டி விடுவித்திருக்கிறாயா? கடைசிக் கேள்விக்கு ஆமென்ற பதில் முக்கியமானது. அவ்வப்போது மாட்டி விடுபடும் தாடைதான் முழுவதும் பூட்டிக்கொள்ள அதிக வாய்ப்புள்ளது. அந்தப் பிள்ளையை மட்டும் அடிக்கடி வரச்சொல்லிப் பார்க்க வேண்டும்.

வாய் திறக்காத எல்லாத் தாடையும் தட்டின் கோளாறு அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மழையில் வழுக்கும் சரிவில் மோவாய் தரையில் அடிபட விழுந்த பிள்ளைக்கு, மோவாயில் சிறு கீறல் மட்டும் தெரியும்; உடைந்தது மேலே, காதுக்கு முன்னால், குமிழின் கழுத்தில் இருக்கும். கீறலுக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டால், சில மாதங்களில் அந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி இறுகிவிடக்கூடும். சிறு வயதில் ஒட்டினால் தாடை வளராது, முகம் ஒடுங்கும், வாய் சில மில்லிமீட்டர்தான் திறக்கும். இந்தியாவில் தாடை மூட்டு ஒட்டிப்போவதற்குத் தலையாய காரணம் இப்படிப்பட்ட அடிதான். அதற்கு எக்ஸ்ரே உடனே வேண்டும். காய்ச்சலோடு வாய் திறக்கவில்லை என்றால், முளைக்கும் கடைவாய்ப் பல்லைச் சுற்றிய சீழோ தொண்டைச் சீழோ இருக்கலாம். வாரங்கள் காத்திருக்க அது இடம் தராது. இரண்டு பக்கமும் காலையில் விறைத்து, மற்ற மூட்டுகளும் வீங்கினால் சிறுவர் மூட்டழற்சி. இவை எல்லாவற்றையும்விடத் தட்டுக் கோளாறு சாதுவானது. அதனால்தான் இவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும்.

உண்மையாகவே பூட்டிக்கொண்ட பிள்ளைக்குக் காலம் முக்கியம். பூட்டிய சில நாட்களுக்குள் அனுபவமுள்ள பல் மருத்துவர் கையால் தாடையைக் கீழும் முன்னும் இழுத்துத் தட்டைத் திரும்ப வைக்க முயலலாம். வாரங்கள் கடந்தால் அது பலிப்பது குறைகிறது. அதன் பிறகும் வழி இருக்கிறது. 1991இல் டோரித் நிட்சான் குழுவினர் விவரித்த முறையில், இரண்டு ஊசிகளை மூட்டின் மேல் அறைக்குள் செலுத்தி உப்புக் கரைசலால் கழுவுகிறார்கள். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தாலும் பலருக்கு வாய் திறந்துகொள்கிறது. எதுவுமே செய்யாவிட்டாலும் கதை முடிந்துவிடுவதில்லை. ஜப்பானில் குரிதா குழுவினர், பூட்டிய தாடையோடு சிகிச்சை எடுக்காத 40 பேரை இரண்டரை ஆண்டுகள் கவனித்தபோது, ஏறக்குறைய 43 சதவீதத்தினருக்குத் தொந்தரவு முழுதும் போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறைந்தது. மீதி நான்கில் ஒரு பங்கினருக்குத் தேறவில்லை. அந்தக் கடைசிப் பங்கினருக்காகத்தான் ஈப்போவில் நிபுணர் இருக்கிறார். மலையிலிருந்து இறங்கும் வண்டியில் இடம் அவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும்.

மலேசியாவில் பள்ளிப் பல் மருத்துவச் சேவைக்குப் பழைய வேர் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும் பல் தாதியருக்குப் பினாங்கில் 1949 முதலே பயிற்சி தரப்பட்டது. இன்றும் அரசாங்கப் பல் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வந்து சொத்தையையும் ஈறையும் பார்த்து அட்டையில் குறித்துப் போகிறது. அந்த அட்டையில் வாய் திறப்பு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் பிடிக்கும். அளவு 45 இருந்து, சத்தம் மட்டும் கேட்டு, வலி இல்லையென்றால், பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளையிடமும் வீட்டிலும் தெளிவாகச் சொல்லி அனுப்பலாம். வலி இருந்தால், சில வாரங்கள் கெட்டியானதைத் தவிர்த்து, பற்களைச் சேர்த்து வைக்காமல் உதட்டை மட்டும் மூடிப் பழகி, இளஞ்சூட்டு ஒத்தடமும் மெல்லிய திறப்புப் பயிற்சியும் செய்து வரச்சொல்லலாம். படிவம் ஒன்றில் 46 என்று குறித்த அட்டையில், படிவம் மூன்றில் 29 என்று எழுத நேர்ந்தால், ஈப்போவுக்குப் போகும் கடிதத்தின் முதல் வரியில் அந்த இரண்டு எண்களும், வாய் திறக்காமல் போன தேதியும் இருக்க வேண்டும்.